ஒரே வார்டு, இரண்டு ஊர்: அணுசக்தி நகரும் அதன் அக்கம்பக்கமும்

மும்பை மாநகராட்சியின் எம் கிழக்கு வார்டில் 2011 கணக்கெடுப்பின்படி 8,07,720 பேர் வாழ்ந்தார்கள். அணுசக்தி நகர், டிராம்பே, சீத்தா கேம்ப், மான்குர்டு, கோவண்டி, தேவ்நார், சிவாஜி நகர், பைகன்வாடி எல்லாம் இந்த ஒரே வார்டுக்குள் அடக்கம். நாட்டின் அணு விஞ்ஞானிகள் குடியிருக்கும் வளாகமும், நகரத்தின் மிகப் பழைய குப்பைமேடும் ஒரே உதவி ஆணையரின் கீழ் வருகின்றன. வார்டைப் பற்றிச் சொல்லப்படும் எந்தச் சராசரியையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

வார்டு என்ற சொல்லுக்கு மும்பையில் இரண்டு பொருள் உண்டு. மாமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியும் வார்டுதான். அவை மொத்தம் 227. குழாய் இணைப்புக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் மக்கள் ஏறி இறங்கும் நிர்வாகப் பிரிவும் வார்டுதான். ஏ (A) முதல் டி (T) வரை ஆங்கில எழுத்துகளால் அழைக்கப்படும் இவை நெடுங்காலம் 24 ஆக இருந்தன. இங்கே பேசப்படுவது இரண்டாவது வகை. இங்கிலாந்தில் வார்டு என்றால் சில ஆயிரத்திலிருந்து சில பத்தாயிரம் பேர் வரை கொண்ட சிறு வட்டாரம். எம் கிழக்கின் அளவுக்கு அங்கே ஈடு தேடினால் ஒரு முழு நகரத்தைத்தான் காட்ட வேண்டும். லீட்ஸ் மாநகரின் 2021 மக்கள்தொகை சுமார் 8,12,000. அந்த நகரம் 33 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதோடும் நிற்காமல், வறுமையை அளப்பதற்கென்றே இங்கிலாந்து முழுவதையும் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் பேர் வரை கொண்ட துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். 2019 ஏழ்மைக் குறியீட்டில் அப்படி 32,844 துண்டுகள். எட்டு லட்சம் பேரை ஒரே வரியில் எழுதிவிட்டால் எது மறைந்துபோகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நிலத்திலிருந்து தொடங்கலாம். வார்டின் பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையை இதால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 25,000 பேர் என்று வரும். மும்பைக் கணக்கில் இது பெரிய நெரிசலே இல்லை. ஆனால் இந்த வகுத்தலில் டிராம்பே குன்றும், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வேலிக்குள் இருக்கும் பரந்த நிலமும், தானே கழிமுகத்தை ஒட்டிய அலையாத்திக் காடும், உப்பளமும், 132 ஹெக்டேர் குப்பைமேடும், ஆட்டுத் தொட்டியும் சேர்ந்திருக்கின்றன. ஆள் குடியிராத நிலத்தை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் பத்துக்குப் பதினைந்து அடி வீட்டில் ஏழு பேர் படுத்துறங்குவது எப்படி என்று விளங்கும்.

இந்த நிலத்தில் யாரும் தற்செயலாக வந்து குடியேறவில்லை. பம்பாய் தன் கண்ணெதிரே வைத்துக்கொள்ள விரும்பாததை எல்லாம் நூறு ஆண்டாக இந்தக் கிழக்கு மூலைக்கு அனுப்பி வந்திருக்கிறது. முதலில் வந்தது குப்பை. தேவ்நார் குப்பைக் கிடங்கு 1927இல் தொடங்கியது. மாநகராட்சியின் எல்லை 1950இல் விரிந்தபோது இந்தக் கிராமங்கள் பெருநகரத்துக்குள் சேர்ந்தன. பாந்திராவில் இருந்த ஆடுமாடு வெட்டும் கூடம் 1971இல் தேவ்நாருக்கு வந்தது. அடுத்த வார்டான எம் மேற்கில், மாஹுல் பக்கம், 1950களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் டிராம்பே மின்நிலையமும், பிறகு உரத் தொழிற்சாலையும் எழுந்தன. கடைசியாக வந்தவர்கள் மனிதர்கள். நகரின் மற்ற பகுதிகளிலிருந்து குடிசை இடிக்கப்பட்டவர்கள் லாரி லாரியாக இங்கே இறக்கப்பட்டார்கள். கோலி மீனவர்களின் டிராம்பே கோலிவாடா மட்டுமே, யாரும் கொண்டுவந்து போடாமல், இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே இங்கே இருப்பது.

அணுசக்தி நகரின் கதை இதிலிருந்து விலகி நிற்கிறது. இந்தியாவின் முதல் அணு உலையான அப்சரா 1956 ஆகஸ்ட் 4 அன்று டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. டிராம்பே அணுசக்தி நிலையத்தை நேரு 1957 ஜனவரியில் முறைப்படி திறந்து வைத்தார். ஹோமி பாபா 1966இல் விமான விபத்தில் இறந்தபின், அடுத்த ஆண்டு அந்த நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அங்கே வேலை செய்பவர்களுக்காக எழுந்த குடியிருப்புதான் அணுசக்தி நகர். அடுக்கு மாடிகள், மரங்கள், உள்ளேயே மருத்துவமனை, கடை, விளையாட்டுத் திடல் எல்லாம் உண்டு. அணுசக்திக் கல்விக் கழகம் 1969இல் அமைக்கப்பட்டு, ஊழியர்களின் பிள்ளைகளுக்கான பள்ளிகளை நடத்துகிறது. வாசலில் காவல், அடையாள அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது.

மக்கள்தொகையியல் கண்ணோடு பார்த்தால் அணுசக்தி நகர் வயதாகாத ஊர். வீடு பதவியோடு வருகிறது. ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர் வாஷிக்கோ நெரூலுக்கோ செம்பூருக்கோ, இல்லை சொந்த ஊருக்கோ போய்விடுகிறார். அவர் காலி செய்த வீட்டுக்குக் கைக்குழந்தையோடு ஓர் இளம் குடும்பம் வருகிறது. படிப்பு, மாதச் சம்பளம், மருத்துவ வசதி மூன்றும் உள்ளே வருவதற்கான தகுதியிலேயே அடங்கிவிடுவதால், ஏழை என்ற பிரிவே இந்த வளாகத்தின் கணக்கில் கிடையாது. பாத்திரம் கழுவவும் துணி மடிக்கவும் காலையில் வந்து பகலில் திரும்பும் பெண்கள் வேறு முகவரியில் எண்ணப்படுகிறார்கள். தமிழர்களுக்கு இந்த வளாகம் அந்நியமானதல்ல. சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் 1990 முதல் 1993 வரை அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்தார். தொழில்நுட்பர், எழுத்தர், செவிலியர் என்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே வந்து போயிருக்கின்றன.

வேலிக்கு வெளியே இருக்கும் தமிழர் கதை ஜனதா காலனியில் தொடங்குகிறது. அது அணு மையத்துக்கு அருகிலேயே வளர்ந்த பெரிய குடிசைப் பகுதி. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம் 1963இல் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்துகொண்டு அங்கே வாழ்ந்தார். குப்பையை அள்ள மாநகராட்சி வராததால், அவர் பிள்ளைகளைத் திரட்டினார். ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைச் சுமந்துபோய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டினார்கள். அந்த நிலம் அணுசக்தித் துறைக்கு வேண்டும் என்று வந்தபோது நீதிமன்றப் படி ஏறினார். தில்லி வரை போய் வாதாடினார். நெருக்கடி நிலை வந்தது. 1976இல் சுமார் 70,000 பேர் வாழ்ந்த காலனி பெருங்காவலோடு இடிக்கப்பட்டது. மக்கள் சில கிலோமீட்டர் தள்ளி, கழிமுகத்தை ஒட்டிய சதுப்பில் இறக்கப்பட்டார்கள். அந்த இடம்தான் சீத்தா கேம்ப்.

அந்தத் தோல்வியிலிருந்தே தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு வலுப்பெற்றது. அற்புதத்துக்கு 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன; 2018 அக்டோபரில் அவர் காலமானார். குடிசைவாசிகள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது அவர் விடாமல் சொல்லிவந்தது. அரசின் பட்டியல் வருவதற்கு முன் மக்களின் பட்டியல் தயாராக இருந்தால், இடிக்க வருபவன் எத்தனை வீடு என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. புள்ளிவிவரத்தை ஏழையின் கையில் கொடுத்தவர் என்று அவரைச் சொன்னால் அது மிகையாகாது.

சீத்தா கேம்ப் இன்று குடிசைப் பகுதி என்ற சொல்லுக்குள் எளிதில் அடங்காத இடம். வரிசை வரிசையாகத் தெருக்கள், செங்கல் சுவர், கீழே கடை, மேலே மாளா. மாளா என்பது வீட்டின் மேல் போடப்பட்ட இன்னொரு தளம். கைகளைப் பிடிமானமாக்கி ஏற வேண்டிய இரும்பு ஏணி வெளியே சுவரோடு ஒட்டி நிற்கும். கீழே வீட்டுக்காரர் இருக்க, மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். தமிழ் இந்துக்கள், தமிழ் முஸ்லிம்கள், மலையாளிகள், மராத்தியர், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே தெருவில் உண்டு. ஒரு பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ உருதுவோ பேசுவது இங்கே சாதாரணம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது; அவற்றில் தமிழும் ஒன்று. ஆனால் எட்டாம் வகுப்புக்கு மேல் தமிழில் படிக்க வழி மிகக் குறைவு. பிறகு வேறு மொழிக்குத் தாவியாக வேண்டும் என்று தெரிந்த தாய் முதல் வகுப்பிலேயே ஆங்கிலப் பள்ளியைத் தேடுகிறாள். தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவதைத் தமிழ்ப் பற்றுக் குறைவு என்று மேடையில் சாடுவது வழக்கமாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு எங்கே என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

வடக்கே, குப்பைமேட்டின் அடிவாரத்தில் சிவாஜி நகர், பைகன்வாடி, ரஃபி நகர். சிவாஜி நகரும் 1970களில் மாநகராட்சியே மனை அளந்து கொடுத்து இடம் பெயர்த்த பகுதிதான். மனை இருந்த தெருக்கள் நிறைந்தபின், மேட்டை நோக்கி வீடுகள் நகர்ந்தன. மேட்டுக்குப் பக்கத்தில் போகப் போகச் சுவர் மெலிந்து தகரமாகும், தகரம் தார்ப்பாயாகும், தண்ணீர் விலையேறும். குழாய் இல்லாத வீடுகளில் கேன் கணக்கில் தண்ணீர் வாங்குகிறார்கள். அணுசக்தி நகரில் குழாயைத் திறந்தால் வரும் அதே ஏரித் தண்ணீருக்கு இங்கே பல மடங்கு விலை. சட்டவிரோதக் குடியிருப்பு என்பதற்காகக் குடிதண்ணீர் மறுக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எல்லாச் சந்துக்கும் குழாயாக வந்து சேரவில்லை.

வேலை என்று பார்த்தால், இந்தப் பகுதி நகரத்தின் எச்சத்தில் பிழைக்கிறது என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். அதில் பாதி உண்மை. பழைய பொருள் வாங்கும் பங்கார் கடைகளில் பெண்கள் தரையில் அமர்ந்து பிரிக்கும் விதத்தைக் கவனித்தால் அது எவ்வளவு நுணுக்கமான தொழில் என்று புரியும். பால் பை ஒரு குவியல், தண்ணீர் பாட்டில் இன்னொன்று, பாட்டிலின் மூடி தனி, ஏனென்றால் மூடிக்கு விலை வேறு. ஒயரின் உறையை உரித்துச் செம்பைத் தனியே எடுக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சுண்டி, அது எழுப்பும் ஓசையிலேயே ரகத்தைச் சொல்லிவிடும் கைகள் அவை. எடை போடுவதும் விலை சொல்வதும் மட்டும் கடைக்காரர் கையில். இதற்கு அப்பால் ஜரி வேலைக் கார்கானாக்கள், தையல் கூடங்கள், ரிக்‌ஷா, நாக்கா எனப்படும் தெருமுனையில் நின்று நாள் கூலிக்குப் போகும் கட்டடத் தொழிலாளர், அடுக்கு மாடிகளில் வீட்டு வேலை. இவற்றில் எதிலும் சம்பளச் சீட்டு கிடையாது. ஆகவே வருமானம் பற்றிய எந்த அதிகாரப்பூர்வ எண்ணிலும் இவை முழுதாக விழுவதில்லை.

மூன்றாவது வகைக் குடியிருப்பு அண்மைக் காலத்தது. ரயில் பாதை ஓரத்திலிருந்தும் சாலை விரிவாக்கத்திலிருந்தும் அகற்றப்பட்டவர்களுக்காக மான்குர்டில் லல்லுபாய் காம்பவுண்டும் கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்டும் கட்டப்பட்டன. 225 சதுர அடி வீடு, உள்ளேயே கழிப்பறை. காகிதத்தில் இது முன்னேற்றம். ஆனால் கட்டடங்களுக்கு இடையே மூன்று மீட்டர் இடைவெளிதான். கீழ்த் தளங்களில் வெயிலும் காற்றும் எட்டுவதில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த இரண்டு வளாகங்களிலும் ஏறத்தாழ பத்து வீட்டுக்கு ஒன்றில் காசநோய் இருந்ததைக் கண்டது. கட்டடங்கள் சற்று விலகி நின்ற இன்னொரு வளாகத்தில் எண்ணிக்கை மிகக் குறைவு. நோய்க் கிருமிக்கு உதவியது கட்டட வரைபடம்.

இந்தக் குடியேற்றங்களின் விளைவு மக்கள்தொகைக் கணக்கிலேயே தெரிகிறது. 2001க்கும் 2011க்கும் இடையே பெருமும்பையின் மக்கள்தொகை சுமார் 4 விழுக்காடுதான் கூடியது. தென்பகுதியான தீவு நகரத்தில் 33.4 லட்சத்திலிருந்து 30.9 லட்சமாகக் குறையவே செய்தது. அதே பத்தாண்டில் எம் கிழக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வளர்ந்தது. பிறப்பு விகிதம் கூடியதால்தான் இந்த வளர்ச்சி என்று பேசுபவர்கள் லல்லுபாய் காம்பவுண்டின் மாடிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றை நிரப்பியவர்களை அரசாங்கமே கொண்டுவந்தது.

மும்பை மனித வளர்ச்சி அறிக்கை 2009, வார்டுகளை வரிசைப்படுத்தியபோது எம் கிழக்குக்கு 0.05 என்ற குறியீடு கிடைத்தது. 24 வார்டுகளில் அதுவே கடைசி. மலபார் ஹில் அடங்கிய டி (D) வார்டுக்கு 0.96. மக்களில் முக்கால் பங்குக்கும் மேல் குடிசைப் பகுதியில் வாழ்வதாகவும், ஆயிரம் குழந்தைகளில் 66 பேர் ஒரு வயதுக்குள் இறப்பதாகவும், ஆயுள் 40 ஆண்டுக்கும் குறைவு என்றும் அதில் கண்டிருந்தது. செய்தித்தாள்கள் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டன. இந்த எண்களைச் சற்று நிதானித்துத்தான் படிக்க வேண்டும். குறியீடு நகரின் வார்டுகளை ஒன்றோடொன்று நிறுத்தி ஒப்பிட்டது, 0.05 என்பது வரிசையில் கடைசி இடத்தைக் காட்டுகிறதே தவிர, வளர்ச்சி ஐந்து விழுக்காடு என்று அதற்குப் பொருள் இல்லை. இளையோர் மிகுந்த இடத்தில் சாவுகளின் சராசரி வயது தாழ்ந்தே நிற்கும். பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில் பதிவாகின்றன. கோவண்டிக்காரர் சயான் மருத்துவமனையில் இறந்தால் பதிவு அங்கே. இத்தனை திருத்தம் செய்தாலும் வார்டின் இடம் மாறப் போவதில்லை. அணுசக்தி நகரையும் சேர்த்துப் போட்ட சராசரியே கடைசி இடம் என்றால், அதைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு எங்கே நிற்கும் என்பதுதான் அந்த அறிக்கை கேட்காத கேள்வி.

பின்னர் நடந்தவை அந்த எண்களுக்கு உயிர் கொடுத்தன. 2016 ஜனவரி இறுதியில் குப்பைமேடு தீப்பிடித்து, நாட்கணக்கில் புகைந்தது. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களிலும் அந்தப் புகை தெரிந்தது. 2022 அக்டோபர், நவம்பரில் மும்பையில் தட்டம்மை பரவியபோது அதன் மையம் கோவண்டி. தடுப்பூசி விடுபட்ட குழந்தைகள் இறந்தார்கள். கோவண்டியில் இயங்கிய மருத்துவக் கழிவு எரிப்பு ஆலையை இரண்டு ஆண்டுக்குள் இடம் மாற்றும்படி 2023இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மாடி வீட்டுக்காரருக்கும் குடிசைக்காரருக்கும் நோய் எப்படி வேறுபட்டுப் பரவுகிறது என்பதற்கு நகரின் பிற வார்டுகளிலிருந்தே சான்று உண்டு. 2020 ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, குடிசைப் பகுதியில் 57 விழுக்காட்டினரிடம் கொரோனா தொற்றி ஓய்ந்த அடையாளம் இருந்தது. மற்ற வீடுகளில் 16 விழுக்காடு. அதே வார்டுகள், அதே மாதம்.

விந்தை என்னவென்றால், இந்த வார்டைப் போல ஆராய்ச்சியாளர்கள் நிறைந்த வார்டு நாட்டில் அரிது. நாடு முழுவதற்கும் குடும்ப நல ஆய்வை நடத்தும், 1956இல் தொடங்கிய சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இங்கே இருக்கிறது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் தேவ்நாரில். ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் மான்குர்டில். டாடா சமூக அறிவியல் நிறுவனம் தன் 75ஆம் ஆண்டில், 2011 வாக்கில், வாசலுக்கு வெளியே இருக்கும் இந்த வார்டையே எடுத்துக்கொண்டு எம் வார்டு திட்டத்தைத் தொடங்கி, தெருத் தெருவாகக் கணக்கெடுத்தது. 1936இல் பிறந்த நிறுவனத்துக்கு எதிர்ச் சாரியைக் கடக்க இவ்வளவு காலம் பிடித்தது என்று குறை சொல்லலாம். கடந்ததே என்று பாராட்டவும் செய்யலாம்.

அரசியலில் இரண்டு ஊரும் ஒன்றாக வாக்களிக்கின்றன. அணுசக்தி நகர் என்பது ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயரும்கூட. 2009இல் முதல் தேர்தலைக் கண்ட இந்தத் தொகுதியில் சீத்தா கேம்பும் டிராம்பேயும் சேர்ந்திருக்கின்றன. நவாப் மாலிக் 2009, 2019இலும், துக்காராம் காத்தே 2014இலும் வென்றனர். 2024இல் சனா மாலிக் 3,378 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இவ்வளவு குறுகிய வித்தியாசத்தில் முடிவாகும் தொகுதியில் ஒரு சந்தின் வாக்குக்கும் மதிப்பு உண்டு. குழாய்க்கும் சாக்கடைக்கும் பொறுப்பான மாமன்றமோ 2022 மார்ச்சில் காலம் முடிந்து, பல ஆண்டுகள் உறுப்பினரே இல்லாமல் நிர்வாகியின் கையில் இருந்தது.

இப்போது தாராவியும் இந்தக் கதைக்குள் வருகிறது. தாராவி மறுசீரமைப்பில் அங்கேயே வீடு பெறத் தகுதியில்லாதவர்களைக் குடியமர்த்த, தேவ்நார் குப்பைமேட்டில் சுமார் 124 ஏக்கரைக் கொடுக்க மகாராஷ்டிர அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. மேட்டில் கிடக்கும் 185 லட்சம் டன் பழைய குப்பையை அகற்ற 2025இல் 2,368 கோடி ரூபாய்க்கு மாநகராட்சி ஒப்பந்தம் கோரியது. தாராவித் தமிழர் பலர் மாளாவில் வாடகைக்கு இருப்பவர்கள். தகுதியில்லாதவர் என்ற பட்டியலில் முதலில் விழுவது மாளாதான். ஜனதா காலனியிலிருந்து சீத்தா கேம்புக்கு வந்த பாதையின் அடுத்த கட்டம் இது.

எம் கிழக்கின் கடைசி அதிகாரப்பூர்வ எண் இன்னும் 8,07,720 தான். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கிறது. கணக்கெடுப்பு விதிப்படி ஒரே சமையலில் உண்பவர்களே ஒரு குடும்பம். கீழ்வீட்டில் ஓர் அடுப்பு, மாளாவில் ஓர் அடுப்பு என்றால் அவை இரண்டு குடும்பங்கள். கணக்கெடுக்க வருபவர் இரும்பு ஏணியில் ஏறாமல் போனால், மாளாவில் இருப்பவர் இறங்கி வந்து தன் குடும்பத்தைத் தனியாக எழுதச் சொல்ல வேண்டும். தாய்மொழிக் கட்டத்தில் தமிழ் என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.